நாவுல நண்பரின் தோள்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில், நாலந்தாவைத் தாண்டியதும் வருகின்ற சிறு நகரம் நாவுல. கோப்பித் தோட்டங்களின் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள் தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்த பாதை இதுவே. தோளிலே மூட்டையும் இடுப்பிலே குழந்தையுமாக நடந்தவர்களின் வழித்தோன்றல்களில் ஒருவர் என் நண்பர். கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகையில் அவர் அச்சுக்கோப்பாளர். ஈயத்தில் கோத்த பக்கங்களை மேசைக்கும் இயந்திரத்துக்கும் இடையே இரவு தோறும் தூக்கிச் சுமந்தவர். கணினி வந்து ஈய எழுத்துகளுக்கு விடை கொடுத்த பின்னர் ஊர் திரும்பி, நாவுலவில் ஒரு சிறு கடை வைத்தார். இப்போது வயது எழுபத்து நான்கு.

சென்ற ஆண்டு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். தேநீர்க் கோப்பையை இடக்கையால் நீட்டினார். வலக்கை தோளுக்கு மேலே எழவில்லை. கிணற்றடியில் வாளியைத் தூக்கித் தலையில் நீர் ஊற்ற முடியவில்லை. தலை வாரவும் முடியவில்லை. வலப்பக்கம் சாய்ந்து உறங்கி இரண்டு வருடங்கள் ஆகின்றன என்றார். மகன் அவரை ஒரு தனியார் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். மூட்டு மாற்ற வேண்டும், இரண்டு வகை மூட்டுகள் இருக்கின்றன, விலை இன்னின்னது, யோசித்து வந்து சொல்லுங்கள் என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்களாம். கையில் இரண்டு வண்ணத் துண்டுப் பிரசுரங்கள் மட்டும் மிஞ்சின.

அவர் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில்தான் நாலந்தா கெடிகே இருக்கிறது. பல்லவர் பாணியில் அமைந்த பழைய கற்றளி. போவதென்ன நீர்த்தேக்கத்தின் நீர் அதைச் சூழும் என்ற நிலை 1970களில் ஏற்பட்டபோது, கல் கல்லாகப் பிரித்து உயர்ந்த இடத்தில் மீண்டும் அடுக்கினார்கள். 1980இல் அந்த வேலை நிறைவேறியது. விடுமுறைக்கு ஊர் வந்த நாட்களில் அந்த வேலையை நண்பர் பார்த்திருக்கிறார்.

"அண்ணே, அந்தக் கெடிகேயையே கழற்றிப் பூட்டினாங்க. என் தோளைப் பூட்ட முடியாதா? எந்தச் சாமான் நல்லதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்க. நீங்க பேப்பர்க்காரர், உங்களுக்குத்தான் நாலு பேரைத் தெரியும்" என்றார்.

"கெடிகேயில் பழைய கற்களே திரும்பப் போயின, தம்பி. இங்கே உள்ளே போவது வேறு பொருள் அல்லவா?" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் கேட்ட கேள்வி மனதை விட்டு அகலவில்லை. தெரிந்த வைத்தியர்களிடம் கேட்டேன், கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. "எந்தச் சாமான் நல்லது" என்ற கேள்விக்குக் கடையில் விடை இல்லை, வரலாற்றில்தான் இருக்கிறது. அந்த வரலாறோ, பெரும்பாலும் தோல்விகளின் வரலாறு.

பாரிஸ், 1893

செயற்கை மூட்டு என்றதும் நாம் இடுப்பையும் முழங்காலையும் நினைக்கிறோம். ஆனால் மனித உடலில் மிக முற்காலத்தில் பொருத்தப்பட்ட செயற்கை மூட்டுகளுள் ஒன்று தோள் மூட்டாகும். 1893ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் சூல் எமில் பெயான் என்னும் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம் 37 வயதுத் தொழிலாளி ஒருவர் வந்தார். காசநோய் அவரது தோள் மூட்டை அரித்திருந்தது. கையை வெட்டி எடுப்பதே அக்காலத்து வழக்கம். அவர் அதற்கு உடன்படவில்லை.

பெயான் ஒரு பல் வைத்தியரின் உதவியை நாடினார். செயற்கைப் பல் கட்டுவோருக்குத்தான் அன்று உடலுக்குள் வைக்கும் பொருள்களைப் பற்றிய அனுபவம் இருந்தது. பாரிஸில் தொழில் செய்த போர்ட்டர் மைக்கேல்ஸ் என்ற அந்தப் பல் வைத்தியர் ஒரு மூட்டைச் செய்து கொடுத்தார். தண்டு பிளாட்டினத்தால் ஆனது. தலை, பரஃபின் மெழுகில் கொதிக்க வைத்துக் கடினமாக்கிய ரப்பர் உருண்டை. அதைத் தோட்பட்டை எலும்போடும் மேற்கை எலும்போடும் இணைக்க உலோக வளையங்கள்.

மூட்டு பொருந்தியது, கையும் அசைந்தது. ஆனால் எந்த நோய்க்காக மூட்டை மாற்றினாரோ அந்த நோய் உள்ளே இருந்தது. சீழ் வடிந்துகொண்டே இருந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளின் பின் பெயானே அதை வெளியே எடுக்க நேர்ந்தது. அந்தப் பிளாட்டின மூட்டு இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் சேகரிப்பில் இருக்கிறது. அதே காலத்தில் பெர்லினில் தெமிஸ்டோக்லஸ் குளுக் யானைத் தந்தத்தால் மூட்டுகள் செய்து பார்த்தார். காசநோய் அரித்த மூட்டுகளில் அவையும் நிலைக்கவில்லை.

பொருள் எவ்வளவு உயர்ந்ததாயினும், அதை ஏற்கும் உடலின் நிலைதான் முடிவைத் தீர்மானிக்கிறது. முதல் தோள் மூட்டே கற்பித்த இந்தப் பாடத்தைப் பின்னர் வந்தவர்கள் பல முறை மறந்து, பல முறை மீண்டும் கற்றார்கள்.

தட்டில் வைத்த எலுமிச்சம்பழம்

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் தோளில் குறிப்பிடத்தக்க முயற்சி எதுவும் நிகழவில்லை. காரணம் மூட்டின் அமைப்பு. இடுப்பில் ஆழமான கிண்ணத்துக்குள் பந்து அமர்ந்திருக்கிறது. தோளிலோ, சிறிய தட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்தது போன்ற அமைப்பு. பந்து பெரிது, குழி சிறிது, ஆழமும் இல்லை. பழம் உருண்டு விழாமல் பிடித்து வைப்பவை, பந்தைச் சுற்றி அணைத்திருக்கும் நான்கு சுழல் தசைநார்கள். அவை நல்ல நிலையில் இருந்தால் தோள் சுழலும். கிழிந்தால் பந்து மேலே ஏறி எலும்போடு எலும்பு உராயும். நண்பரின் தோளில் நடந்ததும் இதுதான்.

நியூயோர்க்கில் பணியாற்றிய சார்ல்ஸ் நீர் என்ற நிபுணர், மேற்கை எலும்பின் தலை நொறுங்கியவர்களுக்கு அந்தத் துண்டுகளை எடுத்துவிடுவது மட்டும் போதாது என்று கண்டார். துண்டுகளை எடுத்தவர்களின் கை வலிமையிழந்து, வலி மட்டும் எஞ்சியது. ஆகவே கோபால்ட்-குரோமியம் கலப்பு உலோகத்தால் ஒரு தலையைச் செய்து பொருத்தினார். 12 பேரின் அனுபவத்தை 1955இல் வெளியிட்டார். தொடக்கத்தில் பந்து மட்டுமே மாற்றப்பட்டது. 1970களின் முற்பகுதியில் குழியின் பக்கத்துக்கும் பொலிஎத்திலீன் தட்டு ஒன்றை எலும்புச் சீமெந்தால் ஒட்டினார். இடுப்பு மூட்டில் ஜோன் சான்லி இங்கிலாந்தில் கண்ட வெற்றி இதற்கு வழிகாட்டிற்று. இன்று "இயற்கையமைப்பு மூட்டு" என்று சொல்லப்படுவதன் தாய் வடிவம் இதுவே. தசைநார்கள் நல்ல நிலையில் இருந்து, தேய்மானம் மட்டும் உள்ளவர்களுக்கு இது இன்றும் நல்ல பயன் தருகிறது.

ஆனால் இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒட்டிய தட்டுத்தான் முதலில் தளர்கிறது. தசைநார் கிழிந்தவர்களில் பந்து மேலே ஏறித் தட்டின் ஒரு விளிம்பை மட்டும் அழுத்தும். மறு விளிம்பு கிளம்பும். குழந்தைகளின் ஆடுகுதிரை போல முன்னும் பின்னும் ஆடி, கடைசியில் தட்டு கழன்று விடும். 1988இல் இதை விளக்கியவர்கள் ஆடுகுதிரை என்றே இதற்குப் பெயரும் வைத்தார்கள். தட்டின் முதுகில் உலோகம் வைத்தால் உறுதியாக நிற்கும் என்று சிலர் நம்பினர். பல வடிவங்களில் அது எதிர்பார்ப்புக்கு மாறாக விரைவிலேயே தளர்ந்தது. காகிதத்தில் சரியாகத் தோன்றியது எலும்பில் சரிவரவில்லை.

பந்தும் குழியும் இடம் மாறிய கதை

தசைநார் கிழிந்தவர்களுக்கு என்ன செய்வது? 1970களில் பல நாடுகளில் பலர் ஒரே எண்ணத்துக்கு வந்தார்கள். பந்தைக் குழியின் பக்கமும், குழியைக் கையின் பக்கமும் வைத்தால் மூட்டு நழுவாது அல்லவா? நீரும் மூன்று வடிவங்கள் செய்து பார்த்துக் கைவிட்டார். மூட்டு நழுவாமல் இறுகப் பிணைத்ததனால், கையின் விசை முழுவதும் தோட்பட்டை எலும்பில் பதித்த ஆணிகளின் மீது இறங்கியது. ஆணிகள் முறிந்தன, பெயர்ந்தன. அத்தகைய மூட்டுகள் பெரும்பாலும் ஒதுக்கி வைக்கப்பட்டன.

பிரான்சின் டிஜோன் நகரில் போல் கிராமோன் என்பவர் அதே எண்ணத்தை வேறு கோணத்தில் பார்த்தார். முன்னையவர்கள் பந்தை எலும்பிலிருந்து வெளியே துருத்த வைத்தார்கள். இவர் அரைக்கோளத்தை எலும்போடு ஒட்ட வைத்தார். சுழலும் மையத்தை உள்ளேயும் கீழேயும் நகர்த்தினார். விளைவு இரண்டு. ஆணிகளின் மீதான இழுவிசை குறைந்தது. தோளின் மேல் திரண்டிருக்கும் டெல்டாய்டு தசை இறுகி, நெம்புகோலின் நீளமும் கூடியதனால், கிழிந்த தசைநார்களின் துணையில்லாமலே அது கையைத் தூக்கியது. 1985இல் முதல் வடிவம். 1991இல் டெல்டா மூன்று என்ற திருந்திய வடிவம். ஐரோப்பாவில் பரவிய பிறகு, 2003இல்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி அளித்தது. இன்று பல நாடுகளில் பொருத்தப்படும் தோள் மூட்டுகளில் பெரும்பான்மை இந்தத் "தலைகீழ் மூட்டு" வகையே.

இதோடு சிக்கல்கள் தீர்ந்தனவா? இல்லை, இடம் மாறின. கையை இறக்கும்போது கிண்ணத்தின் விளிம்பு தோட்பட்டை எலும்பின் கழுத்தை உரசிக் குடைகிறது. இறுகிய தசையின் இழுப்பினால் தோளின் உச்சி எலும்பில் வெடிப்பு விழுவது உண்டு. இறுக்கம் போதாவிட்டால் மூட்டு நழுவும். மிகுந்துவிட்டால் நரம்பு இழுபடும். ஆசிய நாட்டவரின், குறிப்பாகப் பெண்களின், தோட்குழி மேலைநாட்டவரின் குழியை விடச் சிறியது என்பதை அளந்து காட்டிய ஆய்வுகள் உண்டு. மேற்கில் வடிவமைத்த அடித்தட்டு நம் எலும்புக்குப் பெரிதாகிவிடும் அபாயத்தையும் இதனால் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு வகைக்கும் பொதுவான பகைவன் கிருமித் தொற்று. தோளில் இது கபடமாக வருகிறது. முகப்பருவோடு தொடர்புடைய குட்டிபாக்டீரியம் என்னும் கிருமி, தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளின் அடியில் குடியிருக்கிறது. மேலே மருந்து தடவினாலும் முற்றாக அழிவதில்லை. காய்ச்சல் இல்லை, சிவப்பு இல்லை, சீழ் இல்லை. மாதங்கள் கழித்து இனம் தெரியாத வலி மட்டும். ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்கவும் இரண்டு வாரங்கள் வரை காத்திருக்க வேண்டும். பெயானின் கண்ணுக்குத் தெரிந்த சீழுக்கும் இன்றைய இந்த ஒளிந்த கிருமிக்கும் இடையே 130 ஆண்டுகள் கடந்துவிட்டன, போராட்டம் ஓயவில்லை.

சென்னையில் நடந்தது

நம்மவர்களும் இந்த வரலாற்றில் இருக்கிறார்கள். எலும்புப் புற்றுநோய் வந்தால் கையையோ காலையோ வெட்டுவதே வழக்கமாக இருந்த காலத்தில், சென்னையில் மருத்துவர் மயில்வாகனன் நடராஜன் நோயுற்ற எலும்பை மட்டும் நீக்கி, நோயாளியின் அளவுக்கேற்ப உள்நாட்டிலேயே செய்வித்த பெரிய செயற்கை உறுப்புகளைப் பொருத்தினார். முழங்கால், இடுப்பு மட்டுமல்லாமல், மேற்கை எலும்பின் மேற்பகுதிக்கும் இவ்வகை மூட்டுகளைப் பொருத்தி, அதன் பலன்களை அவரும் அவர் குழுவினரும் ஆய்வேடுகளில் வெளியிட்டிருக்கின்றனர். 2007இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பின்னர் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

புற்றுநோய்க்காக எலும்போடு தசையையும் நீக்கியவர்களுக்குக் கை தலைக்கு மேல் எழுவது அரிது. ஆனால் முழங்கையும் விரல்களும் பிழைக்கின்றன. எழுதலாம், உண்ணலாம், குழந்தையை அணைக்கலாம். மூட்டைத் தேர்வதற்கு முன் "இந்தக் கையால் இவர் என்ன செய்ய வேண்டும்" என்பதைத் தீர்மானிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

மூட்டே வேண்டாத இடங்களும் உண்டு. விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்ட முதியவர்களை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியாவில் 32 வைத்தியசாலைகளில் 250 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. இடம் பெயர்ந்த முறிவுகளில், சத்திரசிகிச்சை பெற்றவர்களுக்கும் தூளி கட்டிப் பயிற்சி பெற்றவர்களுக்கும் இரண்டாண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எல்லா முறிவுக்கும் இது பொருந்தாது. ஆயினும் நம் ஊர் முறிவு நெரிவு வைத்தியர்கள் கட்டுப் போட்டுக் காத்திருந்ததை நினைக்கும்போது, காத்திருத்தலும் ஒரு சிகிச்சை என்று தோன்றுகிறது. கட்டு இறுகி விரல் கறுத்தவர்களையும் நான் செய்தியாக்கியிருக்கிறேன். ஆதலால் அவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை.

பையில் இருந்த பிழை

பத்திரிகைக்காரனாக என்னை மிகவும் கலங்க வைத்தவை இரண்டு செய்திகள். முதலாவது இடுப்பு மூட்டைப் பற்றியது. டிப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்ற உலோக இடுப்பு மூட்டு, 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. பொருத்தப்பட்டவை ஏறத்தாழ 93,000. இந்தியாவில் சுமார் 4,700. அரசு அமைத்த நிபுணர் குழு பின்னர் தேடியபோது, இந்திய நோயாளிகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. உடலுக்குள் பழுதான உலோகத்தைச் சுமந்துகொண்டு, அது பழுது என்று அறியாமலே அவர்கள் ஏதோ ஓர் ஊரில் நடமாடியிருக்கிறார்கள்.

இரண்டாவது தோள் மூட்டையே பற்றியது. எக்ஸாக்டெக் நிறுவனத்தின் ஈக்வினாக்ஸ் தோள் மூட்டைக் குறித்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 ஜனவரியில் எச்சரிக்கை வெளியிட்டது. குறை அதை அடைத்து வைத்த பையில் இருந்தது. பிராணவாயுவைத் தடுக்கும் படலம் ஒன்று அந்தப் பையில் இல்லாததனால், பொலிஎத்திலீன் காலப்போக்கில் ஒக்சியேற்றம் அடைந்து, விரைவாகத் தேயக்கூடும் என்பது எச்சரிக்கையின் சாரம். எந்தச் சத்திரசிகிச்சை நிபுணரின் கண்ணுக்கும் புலப்படாத குறை இது.

இத்தகைய குறைகளைக் கண்டுபிடிப்பது எப்படி? எத்தனை பேருக்கு எந்த மூட்டு, எந்த ஆண்டில், எத்தனை பேருக்கு மறுபடி அறுக்க நேர்ந்தது என்று பெயர் தவறாமல் எழுதி வைப்பதே வழி. நோர்வே 1994 முதல் தோள் மூட்டுகளைப் பதிவு செய்து வருகிறது. அவுஸ்திரேலியாவின் தேசியப் பதிவேடு 2004இல் தோளைச் சேர்த்துக்கொண்டது, இங்கிலாந்து 2012இல். ஒரு மூட்டு மற்றவற்றைவிட அதிகமாகப் பழுதாகிறது என்பதைத் துண்டுப் பிரசுரங்கள் சொல்வதில்லை, பதிவேடுகள்தான் சொல்கின்றன.

மீண்டும் நாவுல

இவ்வளவையும் சுருக்கி நண்பருக்கு நான் எழுதிக் கொடுத்தது மூன்றே கேள்விகள். என் தசைநாரும் டெல்டாய்டு தசையும் குழி எலும்பும் எந்த நிலையில் உள்ளன? இந்த வகை மூட்டை நீங்கள் எத்தனை பேருக்குப் பொருத்தியிருக்கிறீர்கள், பழுதானால் என்ன செய்வீர்கள்? உள்ளே வைக்கும் மூட்டின் பெயரும் இலக்கமும் எனக்கு எழுத்தில் கிடைக்குமா? எந்தச் சாமான் நல்லது என்ற கேள்வி அந்தத் தாளில் இல்லை என்பதை அவர் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் தாளோடு வேறொரு வைத்தியரிடம் போனார். அவர் சினக்கவில்லை. படம் வரைந்து காட்டியிருக்கிறார். தசைநார்கள் கிழிந்து உள்வாங்கிவிட்டன, ஆகவே சாதாரண மூட்டு ஆடுகுதிரையாகும். டெல்டாய்டு நன்றாக உள்ளது, ஆகவே தலைகீழ் மூட்டே பொருந்தும் என்றார். கை மேலே போகும், ஆனால் முதுகுப் பக்கம் முன்போலப் போகாது. அரிசி மூட்டை இனித் தூக்கக் கூடாது என்பதையும் முன்னரே சொன்னார். விலை கூடிய பிரசுரத்துக்கும் விலை குறைந்த பிரசுரத்துக்கும் இடையே தடுமாறிய குடும்பம், அன்றுதான் நிம்மதியாக உறங்கியதாம்.

சத்திரசிகிச்சை முடிந்து எட்டு மாதங்களின் பின் நாவுலவுக்குச் சென்றேன். வலக்கையால் தேநீர் நீட்டினார். தலை வாரியிருந்தார். காற்சட்டையின் பின்பக்கப் பையிலிருந்து பணம் எடுக்க மட்டும் வலக்கை போகவில்லை. பணப்பையைச் சட்டைப் பைக்கு மாற்றிவிட்டார். "வைத்தியர் சொன்னபடிதான் இருக்கு அண்ணே, ஏமாற்றம் இல்லை" என்றார்.

பிறகு உள்ளே போய்ப் பழைய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அவற்றோடு ஒரு அப்பியாசக் கொப்பி. கொப்பியின் முதல் பக்கத்தில், மூட்டு வந்த பெட்டியிலிருந்து வைத்தியர் உரித்துக் கொடுத்த ஒட்டுச் சீட்டுகள் நேராக ஒட்டப்பட்டிருந்தன. பெயர், அளவு, இலக்கம் எல்லாம் அவற்றில் இருந்தன. அவற்றின் கீழே, தவறு நேர்ந்துவிடக் கூடாது என்று அதே இலக்கங்களைத் தம் கையெழுத்திலும் ஒரு முறை எழுதி வைத்திருந்தார். முப்பது ஆண்டுகள் எழுத்தை எழுத்தாக எடுத்துக் கோத்தவர். நான் ஒப்புநோக்கிப் பார்த்தேன். ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை.